எங்கே இருந்தது ஓட்டை?

இவர் வீட்டுக்குப் போனால் முதலில் காபி வராது, பரீட்சைதான் வரும். "ஒரு நிமிஷம் இப்படி வாங்களேன்" என்று மாடிப்படிப் பக்கம் கூட்டிப்போய், வெறும் சுவருக்கு முன்னால் நிறுத்திவைத்துக் கேட்பார்: "இங்க ஒரு ஓட்டை இருந்துச்சு. எங்கன்னு சொல்லுங்க பார்ப்போம்?"

அமெரிக்காவில் வீடு வாங்கிய நம்மவர்களில் தெருவுக்கு ஒருவராவது இப்படி இருக்கிறார். இங்கே அறைச் சுவர் என்பது அரை அங்குல ஜிப்சம் பலகை. இரு முகத்திலும் காகிதம் ஒட்டியிருக்கும். பின்னால் 16 அங்குலத்துக்கு ஒரு மரச்சட்டம், மீதியெல்லாம் காற்று. கதவைக் கொஞ்சம் வேகமாகத் தள்ளினால் போதும், குமிழ் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். ஆளைக் கூப்பிட்டால் எவ்வளவு கேட்பான் என்று இவருக்குத் தெரியும். யூட்யூபும் தெரியும். அங்கேதான் வினை.

எலுமிச்சம்பழம் அளவு ஓட்டையை அடைக்க, முதலில் அதைச் சதுரமாக அறுத்துப் பெரிசாக்க வேண்டுமாம். சரி, முறை அதுதான் என்கிறார்கள். பிறகு துண்டு வைத்து, டேப் ஒட்டி, 'மட்' என்கிற வெள்ளைச் சாந்தைத் தடவ வேண்டும். தடவினால் ஒரு நாள் காய வேண்டும். காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும். அதற்கு மேல் இன்னொரு பூச்சு, முன்னதைவிட அகலமாக. அதற்கு மேல் இன்னொன்று, இன்னும் அகலமாக. ஆறு அங்குல ஓட்டைக்கு இரண்டடிச் சாந்து. தேய்க்கும்போது ஹீட்டரை நிறுத்த மறந்துவிட்டதால், அந்த மாவு காற்றோடு எல்லா அறைக்கும் போய், பூஜை அலமாரியில் பிள்ளையாருக்குத் திருநீற்று அபிஷேகமே நடந்தது. (எந்த வீட்டுப் பிள்ளையார் என்று இனி மறைப்பானேன். எங்கள் வீட்டுப் பிள்ளையார்தான்.)

இதெல்லாம்கூடப் போகட்டும். அந்தப் பரீட்சைதான் தாங்கவில்லை.

ஏனென்றால், ஓட்டை இருந்த இடம் வாசலிலிருந்தே தெரியும். கராஜில் கிடந்த ஆறு வருஷத்துப் பழைய டப்பாவைக் கலக்கி அடித்தார். சுவரில் இருந்த பெயின்ட் அதற்குள் வெளுத்திருந்தது. ப்ரைமர் அடிக்காததால் சாந்து பெயின்ட்டைக் குடித்துவிட்டு மங்கலாக நிற்கிறது. ஊருக்கே தெரியும். ஆனாலும் வருகிறவர்கள் நல்லவர்கள். கண்ணைச் சுருக்குவார்கள், சுவரைத் தடவுவார்கள், வேண்டுமென்றே நாலடி தள்ளி விரலை வைத்து "இங்கயா?" என்பார்கள். இவர் முகத்தில் அப்போது ஒரு வெளிச்சம் வரும் பாருங்கள். "இல்லவே இல்ல!" இதற்குள் அடுப்பில் பால் பொங்கி வழிந்திருக்கும்.

எங்கள் அப்பா அம்மாவோடு ஊரிலிருந்து வந்தார். கும்பகோணம் பக்கத்து ஆள். கடுக்காயும் வெல்லமும் சேர்த்து அரைத்த சுண்ணாம்புக் காரை வீட்டில் வளர்ந்தவர். அங்கே கதவு சுவரில் மோதினால் கதவுதான் உடையும். பெட்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை, பரீட்சை ஆரம்பமாகிவிட்டது.

"எங்கன்னு சொல்லுங்க மாமா?"

அப்பா ஒரு வினாடிகூட எடுக்கவில்லை. "இதோ இதுதானே மாப்பிள்ளை?"

அம்மா அவர் இடுப்பில் கிள்ளியது எனக்குக் கேட்டது. "கண்ணாடி போடாம எதையாவது சொல்லாதீங்க" என்றாள்.

அன்று ராத்திரி பதினோரு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தேன். படிக்கட்டில் விளக்கில்லை. இவர் செல்போன் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு மேடு பள்ளம் பார்த்துக்கொண்டிருந்தார். வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால் எல்லாக் குறையும் தெரியுமாம். ஆஸ்பத்திரியில் பெரியவளை முதல்முதலாகக் கையில் கொடுத்தபோது இருந்த அதே முகம். எனக்கே பாவமாகப் போய்விட்டது. "நல்லாத்தாங்க இருக்கு, வந்து படுங்க" என்றேன்.

மறுநாள் ப்ரைமர் வாங்கிவந்து நாலாவது பூச்சு ஆரம்பித்தார். பாவம் என்று நினைத்த என்னைச் சொல்ல வேண்டும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். கதவு சுவரில் இடிக்காமல் தடுக்க ஒரு ஸ்பிரிங் தடுப்பு இருக்கிறது. ஒரு காபி விலைகூட ஆகாது. முதல் நாளே வாங்கினோம். பாக்கெட் பிரிக்காமல் கராஜ் இழுப்பறையில் கிடக்கிறது. அதை மாட்டுங்கள் என்றால், "இப்ப என்ன அவசரம், அதான் ஓட்டைய அடைச்சாச்சே" என்கிறார்.