பன்றியும் பிளக்கும்

ஞாயிறன்று தேவாலயம், திங்களன்று பன்றிச் சந்தை, இரண்டுக்கும் ஒரே வண்டி வேண்டும் என்று ஆஸ்திரேலிய விவசாயி ஒருவரின் மனைவி கடிதம் எழுதினாராம். ஜீலாங் ஃபோர்டு ஆலையின் லூ பாண்ட் 1934-இல் முன்னால் கார், பின்னால் சரக்குத் தட்டு என்று 'யூட்' செய்து கொடுத்தார். இன்று அந்த யூட்டுக்குச் சார்ஜர் வயரும் முளைத்துவிட்டது.

இப்போது பெண் பார்க்க வந்திருப்பவர்கள் பெட்ரோலும் குடித்து, பிளக்கிலும் சார்ஜ் ஏற்றிக்கொள்ளும் இரண்டு பிளக்-இன் ஹைபிரிட் மாப்பிள்ளைகள். சீனத்து பிஒய்டி ஷார்க் 6 ஆஸ்திரேலியாவுக்கு வந்தபோது விலை 57,900 டாலர். 29.58 கிலோவாட்-மணி பேட்டரி, மின்சாரத்தில் மட்டும் 100 கிலோமீட்டர், நூறு வேகத்தைத் தொட 5.7 விநாடி. பின்னால் கிடக்கும் ஜல்லிக்கு அப்படியென்ன அவசரமோ! இழுவைக்கு மட்டும் அன்று 2,500 கிலோவோடு மூச்சு வாங்கியது.

ஃபோர்டு ரேஞ்சர் 3,500 கிலோ இழுக்கும். ஆனால் பேட்டரி 11.8 கிலோவாட்-மணி, மின்சாரத்தில் 49 கிலோமீட்டர், வந்தபோது விலை 71,990 டாலரில் ஆரம்பம். (கிலோமீட்டர் கணக்கு இரண்டுமே என்இடிசி என்ற தாராள மனசுப் பழைய சோதனையில் போட்ட மதிப்பெண்.)

உண்மையான தரகர் வரித்துறைதான். நிறுவனம் ஊழியருக்குக் கொடுக்கும் பிளக்-இன் ஹைபிரிட்டுக்கான சலுகை வரி விலக்கு 2025 ஏப்ரல் 1-இல் முடியுமென்றதும், மார்ச்சில் பலருக்குச் சுற்றுச்சூழல் பாசம் பொங்கியது. ரேஞ்சரோ பந்தி முடிந்த பிறகு வந்த விருந்தாளி.

இரண்டின் தட்டிலும் பிளக் பாயிண்ட் உண்டு. ரம்பம் ஓட்டலாம், வெல்டிங்கும் செய்யலாம். சனிக்கிழமை கடற்கரையில் ஓடுவது என்னவோ காபி மெஷின். பன்றியைத்தான் காணோம்.