பேக்கேஜில் வராத ஒரு வாக்கியம்

மார்பகப் புற்று விழிப்புணர்வு மாதமான அக்டோபர் பிறந்தால் போதும், கார்ப்பரேட் ஆஸ்பத்திரிகளுக்குப் பெண்கள்மேல் பாசம் பொத்துக்கொண்டு வருகிறது. வாசலெல்லாம் ரோஸ் கலர் பலூன். மாஸ்டர் ஹெல்த் செக்கப்போடு மேமோகிராம், பாதி விலை! நம்பிப் போனவளின் மார்பை இரண்டு தட்டுக்கு நடுவே வைத்து அழுத்திப் படம் எடுத்து, காபியும் சாண்ட்விச்சும் கொடுத்து அனுப்புகிறார்கள். பாசம் அத்தோடு சரி.

சனிக்கிழமை சாயங்காலம் வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் வருகிறது: 'பைராட்ஸ் 0. மேல் பரிசோதனை தேவை.' காலையில் அனுப்பினால் டாக்டர் இருந்து தொலைப்பாரே! போன் போட்டால், "மண்டே வாங்க மேடம், டாக்டர்தான் சொல்லணும்." கேன்சரா என்று கேட்டால், "அதெல்லாம் நாங்க சொல்லக் கூடாது மேடம்." அடடா, என்ன ஒழுக்கம்! செக்கப்பை விற்கும்போது மட்டும் இந்தக் குரல் மூச்சுவிடாமல் பேசியது.

இந்தப் படம் போதவில்லை, இன்னும் படம் வேண்டும் என்பதுதான் பைராட்ஸ் 0. அடர்த்தியான திசு படத்தில் வெள்ளையாகத் தெரியும், புற்றுக்கட்டியும் வெள்ளைதான். திசு ஒன்றன்மேல் ஒன்று படிந்தாலே கட்டிபோல வேஷம் கட்டும். முதல் மேமோகிராம் என்றால் ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய படமும் கிடையாது. அமெரிக்காவில் பரிசோதனைக்கு வரும் 1000 பெண்களில் ஏறத்தாழ 100 பேரைத் திரும்பக் கூப்பிடுகிறார்கள். கடைசியில் புற்று என்று உறுதியாவது சுமார் 5 பேருக்கு. இது ரிப்போர்ட் எழுதியவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் சொல்லிவிட்டால் அவள் ஞாயிற்றுக்கிழமை நிம்மதியாகத் தூங்கிவிடுவாள். தூங்கி எழுந்தவள் திங்கட்கிழமை பில்லை நிதானமாகப் படித்துத் தொலைப்பாள்.

திங்கட்கிழமை, ஹால் நிறைய ஜனம். கவுண்டரிலிருந்து ஒரு கூவல்: "மேமோ ரிப்பீட் யாருங்க?" நோயாளியின் அந்தரங்க உரிமை பின்சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் பத்திரமாகத் தொங்குகிறது. பெரிதாக்கி எடுக்கும் படத்துக்குத் தனி பில், அல்ட்ராசவுண்டுக்குத் தனி பில், டாக்டர் முகம் காட்டத் தனி பில். "பேக்கேஜ்ல வராது மேடம். சார் வந்திருக்காங்களா?" மார்பு அவளுடையது, விசாரணை சாரிடம்!

அரை நாள் காக்கவைத்து, ஜெல் தடவி, திரையைப் பார்த்தபடியே டாக்டர் சொல்கிறார்: "ஒண்ணுமில்லம்மா, நீர்க்கட்டி." அவள் முகத்தைப் பார்க்க பேக்கேஜில் இடமில்லைபோல.

திரும்பக் கூப்பிட்டது தப்பேயில்லை. கூப்பிட்டால் போயே ஆக வேண்டும். அந்த 5 பேர் யாரென்று தெரிய வேறு வழி கிடையாது. கூப்பிட்ட லட்சணத்தைத்தான் கேட்கிறோம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 30 முதல் 49 வயதுள்ள இந்தியப் பெண்களில் ஒரு தடவையாவது மார்பகப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 100க்கு ஒருவர்கூட இல்லை. அப்படி அபூர்வமாய் வந்தவளையும் இரண்டு ராத்திரி சாவடித்து அனுப்பினால், அடுத்த வருஷம் அவளும் வரமாட்டாள், அக்கா தங்கையையும் வரவிடமாட்டாள். அவர்களில் ஒருத்திக்கு நிஜமாகவே கட்டி இருந்து முற்றிப்போனால், அந்தப் பாவத்தை எந்த பில்லில் ஏற்றுவீர்கள்?

'கூப்பிடப்படுகிறவர்களில் பெரும்பாலோருக்குப் புற்று இருப்பதில்லை. ஆனாலும் தவறாமல் வாருங்கள்.' ரிப்போர்ட்டின் அடியில் இதை அச்சடிக்க மை செலவு கட்டுப்படியாகாதா? அதற்கும் ஒரு ரேட் போடுங்கள் ஐயா, ஜி.எஸ்.டி.யோடு கட்டித் தொலைக்கிறோம்.