மூன்றாவது குழாய்: ஆப்டிடியூட் தேர்வுத் தயாரிப்பு பற்றி ஓர் ஆய்வு

ஆய்வுப் பொருள்

கன்சல்டிங் என்பது பிறர் கம்பெனியின் கஷ்டத்தை அவர்களுக்கே எடுத்துச் சொல்லிக் கட்டணம் பெறும் தொழில். இதில் சேர விரும்பும் இளைஞர் மிதிக்க வேண்டிய முதல் படி ஆப்டிடியூட் தேர்வு. ஆப்டிடியூட் என்றால் இயல்பாக அமைந்த திறன் என்று தேர்வு நடத்துவோர் விளக்கம் தருவர். இங்கேதான் சிக்கல் பிறக்கிறது. இயல்பாக அமைந்ததற்கு ஒருவர் தயாராவது எப்படி? உயரம் அளக்கப் போகிறவர் முந்தைய இரவு கண்விழித்து உயரத்துக்குப் படிப்பதில்லை.

ஆயினும் படிக்கிறார்கள். "முன்தயாரிப்பு எதுவும் தேவையில்லை" என்று அழைப்பு மின்னஞ்சலின் முதல் பத்தி சொல்லும். மாதிரித் தேர்வுக்கு எங்கே சொடுக்க வேண்டும் என்பதை இரண்டாம் பத்தி சொல்லும். முதல் பத்தியை நம்பியவர்கள் இந்த ஆய்வின் எல்லைக்குள் வரவில்லை. அவர்கள் அடுத்த ரவுண்டுக்குள்ளும் வரவில்லை.

முன்னோர் மொழிந்தவை

தேர்வு வைத்து ஆள் எடுக்கும் வழக்கத்தைச் சீனர்கள் சுமார் 1300 ஆண்டுகள் நடத்திப் பார்த்தார்கள். 1905-ல் "போதும்" என்று நிறுத்திவிட்டார்கள். அதே 1905-ல் பாரிஸில் ஆல்ஃபிரட் பினே, தியோடர் சிமோன் என்ற இருவர் அறிவை அளக்கும் சோதனையை வெளியிட்டார்கள். ஓர் உடலை விட்ட உயிர் அதே ஆண்டில் மற்றோர் உடலில் புகுந்ததை மறுபிறப்பு நம்பிக்கையாளர்கள் கவனிக்கத் தவறியது ஏன் என்பது தனி ஆய்வுக்குரியது.

பினே செய்ததைப் பற்றி ஒரு சொல். பள்ளியில் பின்தங்கும் பிள்ளைகளைக் கண்டுபிடித்துக் கூடுதலாக உதவத்தான் அவர் சோதனை செய்தார். தேறாதவனுக்குத்தான் அங்கே லாபம். இந்த ஏற்பாடு நெடுநாள் நீடிக்கவில்லை. 1917-ல் அமெரிக்கா உலகப் போரில் இறங்கியதும், ராபர்ட் யெர்க்ஸ் தலைமையிலான உளவியலாளர்கள் இந்த யோசனையை ராணுவத்துக்குக் கொண்டுபோனார்கள். பதினேழு லட்சம் பேருக்கு மேல் சோதனைக்கு உட்கார்ந்தார்கள், பலர் எண் தொடரை நிரப்பினார்கள். 2, 4, 8, 16-க்கு அடுத்து என்ன என்று கண்டுபிடித்தவர் பதுங்குகுழியில் எப்படி நடந்துகொள்வார் என்று அன்றும் யாரும் கேட்கவில்லை. 1977-ல் இங்கிலாந்தில் சேவில், ஹோல்ட்ஸ்வொர்த் என்ற இருவர் வேலைக்கு ஆள் எடுப்பதற்கான சோதனைகளுக்கென்றே ஒரு கம்பெனி தொடங்கினார்கள். இன்று எஸ்.எச்.எல். என்ற மூன்றெழுத்தைக் கேட்டாலே இறுதியாண்டு மாணவருக்கு வயிற்றைக் கலக்குகிறதே, அந்த மூன்றெழுத்து அங்கிருந்து வந்தது.

இதெல்லாம் மேல்நாட்டுச் சரக்கு, நமக்கும் இதற்கும் தொடர்பில்லை என்பார் உளர். அவர்கள் காரி நாயனாரின் கணக்கதிகாரத்தைப் புரட்டாதவர்கள். பலாப்பழத்தை அறுக்காமலே உள்ளே எத்தனை சுளை என்று கண்டுபிடிக்க அதில் வழி சொல்லியிருக்கிறது. காம்பைச் சுற்றியுள்ள சிறு முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். முள் நூறு என்றால் சுளை நூற்றிருபது. கன்சல்டிங் நேர்முகத்தில் "சென்னையில் ஒரு நாளில் எத்தனை டீ விற்கும்?" என்று கேட்கிறார்களே, அந்தக் கேள்வியின் மூதாதை இதுதான். இரண்டிலும் பழத்தை அறுக்கக் கூடாது என்பதே விதி. பலாக்காரர் சந்தேகம் வந்தால் அறுத்துக் காட்டிவிடுவார். கன்சல்டன்ட் கட்டணம் வாங்கிய பிறகு வாடிக்கையாளரே அறுத்துக்கொள்வார். தொழில்முறை வேறுபாடு அவ்வளவே.

திணை ஒழுக்கம்

தயாரிப்புக் காலத்தைத் தனித் திணையாகக் கொள்வதே முறை. நிலம், விடுதி அறையும் கம்ப்யூட்டர் லேபும். பெரும்பொழுது ப்ளேஸ்மென்ட் சீசன். சிறுபொழுது இரவு இரண்டு மணி. உணவு மேகி. தெய்வம், போன வருடம் வேலை வாங்கிப்போன சீனியர். வேதம் ஆர்.எஸ். அகர்வால் எழுதிய தடித்த புத்தகம். அட்டை கிழிந்து, பென்சில் டிக்குகளோடு கைமாறி வந்தது. டிக் இல்லாத கணக்கு வராது என்பது ஐதீகம். உரிப்பொருள், திணறலும் திணறல் நிமித்தமும்.

கருப்பொருளில் முதலிடம் ரயிலுக்கு. இந்த ரயில் எந்த ஸ்டேஷனிலும் நிற்காது. மின்கம்பத்தைக் கடப்பதற்கென்றே ஓடுகிறது. சில சமயம் எதிரெதிரே இரண்டு ரயில்கள் புறப்படும், அவை எப்போது சந்திக்கும் என்று மாணவர் ஆவலோடு கணக்கிடுவார். நிஜ உலகில் அப்படிச் சந்தித்தால் விசாரணைக் கமிஷன் வைப்பார்கள். மாந்தர் ஏ, பி, சி என மூவர். ஏ ஒரு வேலையைப் பத்து நாளில் முடிப்பார், பி பதினைந்து நாளில். சேர்ந்து செய்தால் ஆறு நாள். இரண்டு பேர் சேர்ந்தால் டீ குடிக்கப் போவதால் இருபது நாளாகும் என்ற அனுபவ அறிவுக்கு இங்கே இடமில்லை. சி என்பவர் எப்போதும் இரண்டு நாள் வேலை பார்த்துவிட்டுப் போய்விடுகிறார். அவருக்குச் சம்பளம் கொடுத்தார்களா என்ற குறிப்பு எந்தப் பதிப்பிலும் இல்லை.

உறவுமுறைக் கணக்குகளில் ஓர் ஆள் புகைப்படத்தைக் காட்டி, "இவர் என் மாமியாருடைய ஒரே மகள்" என்கிறார். "என் மனைவி" என்று சொல்ல ஏன் இவ்வளவு சுற்று? சண்டை என்பது ஒரு சாரார் கருத்து. பக்கத்தில் மாமியார் நிற்கிறார் என்பது மறுசாரார் கருத்து. பின்னதே பொருந்தும்.

மூல நூற்பாவும் உரையும்

இத்துறையின் மூல நூற்பா குழாய்க் கணக்கு. முதல் குழாய் தொட்டியை 6 மணி நேரத்தில் நிரப்பும், இரண்டாவது 12 மணி நேரத்தில். மூன்றாவது குழாய் நிறைந்த தொட்டியை 8 மணி நேரத்தில் காலி செய்யும். மூன்றையும் ஒன்றாகத் திறந்தால் தொட்டி எப்போது நிறையும்?

இச்சூத்திரம் என் நுதலிற்றோ எனின், தொட்டி நிறையும் காலம் உணர்த்துதல் நுதலிற்று. பள்ளியில் சொல்லித்தந்தபடி பின்னத்தில் போட்டால் ஒரு நிமிடம் போய்விடும். சீனியர் சொல்லித்தரும் வழி வேறு. மூன்று எண்களுக்கும் பொதுவான மீச்சிறு மடங்கு 24. தொட்டி 24 குடம் கொள்ளும் என்று வைத்துக்கொள். முதலாவது மணிக்கு 4 குடம் விடும், இரண்டாவது 2, மூன்றாவது 3 குடத்தைக் கொண்டுபோகும். மிச்சம் 3. இருபத்துநாலை மூன்றால் வகுத்தால் 8 மணி நேரம். இருபது வினாடியில் முடிந்தது. பாராட்ட வேண்டிய வித்தைதான், மறுப்பதற்கில்லை.

இனி விசேட உரை. தண்ணீர் நிரப்பும்போதே தண்ணீரை வெளியேற்றும் இந்த நிர்வாகம் எத்தகையது? யார் வீட்டுத் தொட்டி, யார் கட்டும் கரன்ட் பில்? இவ்வளவு நாள் ஒருவரும் கவனிக்கவில்லையா? தேர்வறையில் இந்தச் சந்தேகம் எழுந்த மாணவர்கள் இருந்திருக்கிறார்கள். எழுந்த சந்தேகத்தோடு அரை நிமிடம் உட்கார்ந்தவர்கள் கட்-ஆஃபுக்குக் கீழே போனார்கள். சந்தேகமே எழாமல் எட்டு என்று குறித்தவர்கள் ஆஃபர் லெட்டர் வாங்கினார்கள்.

இவர்கள் ஈராண்டு கழித்து ஒரு தொழிற்சாலைக்கு அனுப்பப்படுகிறார்கள். கோட்டுப் போட்டுக்கொண்டு மூன்று மாதம் சுற்றி வந்து, ஏராளமான ஸ்லைடுகளில் ஓர் அறிக்கை தருகிறார்கள். மூன்றாவது குழாயை மூடினால் தொட்டி நாலு மணி நேரத்தில் நிறையும் என்பது அதன் சாரம். முதலாளி கைதட்டுகிறார். ஆக, உள்ளே நுழையும்போது கேட்கக் கூடாத கேள்வி எதுவோ, நுழைந்தபின் அதைக் கேட்பதற்குத்தான் சம்பளம். இந்தத் துறையைப் பற்றி இவ்வாய்வாளர் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்ள இது ஒன்றுதான் இருக்கிறது. மற்றவை பக்கம் நிரப்ப.

கூற முடியாது

மொழித்திறன் பகுதியில் ஒரு பத்தியும் கீழே ஒரு கூற்றும் தருவார்கள். சரி, தவறு, கூற முடியாது என்ற மூன்றில் ஒன்றைக் குறிக்க வேண்டும். தமிழ்நாட்டு மாணவர் கூட்டமாகத் தடுக்கி விழும் இடம் இது.

எடுத்துக்காட்டு: "மாலையில் கனமழை பெய்தது. ரகு குடை எடுத்துப் போகவில்லை." கூற்று: ரகு நனைந்தான். சரி என்று குறித்தால் மதிப்பெண் போய்விடும். ரகு அலுவலகத்திலேயே இருந்திருக்கலாம், ஆட்டோ பிடித்திருக்கலாம், அவனுக்கு மழைக்கோட்டு இருந்திருக்கலாம். பத்தியில் இல்லாததை நினைப்பது குற்றம். கூற முடியாது என்பதே விடை. துண்டோடு வாசலில் நிற்கும் ரகுவின் அம்மாவுக்கு இந்த விடை தெரியாது. நமது சமூகமோ, எதிர்வீட்டுப் பையன் இரண்டு நாள் தாமதமாக வந்தான் என்றாலே கல்யாணம் வரைக்கும் முடிவுகட்டிவிடும் சமூகம். இருபத்தொரு வருடம் அதில் ஊறியவனை ஒரு மாதத்தில் நிறுத்தி, "பத்தியில் மட்டும் நில்" என்றால் என்ன ஆகும்?

ஆகிறது என்பதுதான் விந்தை. மாக் டெஸ்ட் எழுத எழுத, மூன்றாவது வாரத்தில் குணம் மாறுகிறது. "சாப்பிட்டியாப்பா?" என்று வீட்டிலிருந்து கேட்டால், "மெஸ்ஸுக்குப் போனேன்" என்று மட்டும் பதில் வருகிறது. வேலை கிடைக்குமா என்று கேட்ட அப்பாவிடம் "தரப்பட்ட தகவல் போதாது" என்றவனும் உண்டு. இதன் பிறகு அந்த வீட்டில் என்ன நடந்தது? கூற முடியாது.

இங்கி பிங்கி பாங்கி முறை

தயாரிப்பு எதுவும் உதவாத கேள்விகளுக்கு மரபான இங்கி பிங்கி பாங்கி முறை கைக்கொள்ளப்படுகிறது. நாலு விடையில் ஒன்று சரி, தவறுக்குக் கால் மதிப்பெண் குறைப்பு என்று வைத்துக்கொள்வோம். இப்படிப் பதினாறு கேள்வி போட்டால், சராசரியாக நாலு சரியாகும், பன்னிரண்டு தவறாகும். நாலு வரவு, மூன்று செலவு. நிகரம் ஒன்று. ஆகவே ஒரு கேள்விக்குப் பதினாறில் ஒரு பங்கு, அதாவது மாகாணி. முந்திரி, காணி, மாகாணி என்று திண்ணைப் பள்ளிகளில் மனப்பாடம் செய்த எண்சுவடிக்கு இன்றைய பயன் இவ்வளவேனும் இருக்கிறது. குறைப்பு மூன்றில் ஒரு பங்கு என்றால் இந்த மாகாணியும் கிடையாது, நிகரம் சுழி.

மீன் படலம்

மெக்கின்சி என்ற கன்சல்டிங் கம்பெனியை 1926-ல் சிகாகோவில் தொடங்கியவர் ஒரு கணக்கியல் பேராசிரியர். அந்தக் கம்பெனி பல ஆண்டுகள் 60 நிமிடத்தில் 26 கேள்விகள் என்று காகிதத் தேர்வு வைத்திருந்தது. மனப்பாடப் படையெடுப்பு மிகுந்ததாலோ என்னவோ, அதை விட்டுவிட்டுக் கணினி விளையாட்டுக்கு மாறியது. அதில் ஒன்றில் பவளப்பாறையோ மலைச்சரிவோ தரப்பட்டது. உயிரினப் பட்டியலிலிருந்து எட்டைத் தேர்ந்தெடுத்து, ஒன்றை ஒன்று தின்றும் எதுவும் அழியாத உணவுச் சங்கிலியை அமைக்க வேண்டியிருந்தது. கார்ப்பரேட் உலகத்துக்கு இதைவிடப் பொருத்தமான நுழைவுத் தேர்வு இருக்க முடியாது.

தயாராக முடியாத தேர்வு என்று இதைக் கொண்டாடினார்கள். உடனே தயாரானார்கள். எந்த மீனுக்கு எத்தனை கலோரி, அதைத் தின்பவர் யார் என்று கணக்குப் போட்டுத் தரும் எக்செல் ஷீட்டுகள் விலைக்கு வந்தன. வாழ்நாளில் மீன் சந்தைப் பக்கம் போகாத, மெஸ்ஸில் தயிர்சாதம் மட்டும் உண்ணும் பிள்ளைகள், சிறுமீன் தொகையைக் கண்டு கவலையோடு உலவினார்கள். விளையாட்டை வடிவமைத்த இம்பெல்லஸ் நிறுவனத்தை 2020-ல் ரோப்லாக்ஸ் என்ற கணினி விளையாட்டுக் கம்பெனி வாங்கிவிட்டது. "விளையாடாதே, படி" என்று ரோப்லாக்ஸைப் பிடுங்கி வைத்த பெற்றோர் இந்தச் செய்தியைப் பிள்ளைகளிடமிருந்து மறைப்பது நல்லது.

களக் குறிப்பு

இப்போதெல்லாம் பல தேர்வுகள் வீட்டிலேயே, கேமராவின் முன்னால். பார்வை திரையை விட்டு விலகினால் மென்பொருள் குறித்துக்கொள்ளும். மனக்கணக்குப் போடும் தமிழன் மோட்டுவளையைப் பார்க்காமல் போட்டதாகச் சரித்திரம் இல்லை. ஆதலால் மேலே பார்க்காமல் பெருக்கும் பயிற்சியும் தயாரிப்பில் சேர்ந்துவிட்டது. வாய்விட்டு முணுமுணுக்கவும் கூடாது. அறையில் இரண்டாவது முகம் தெரியக் கூடாது.

களத்தில் பதிவான ஒரு நிகழ்வு. தேர்வு பாதி ஓடிக்கொண்டிருக்கிறது. பையன் பழக்கதோஷத்தில் முணுமுணுக்கிறான்: "ரெண்டு குழாய் ரொப்புது... ஒண்ணு காலி பண்ணுது..." காபி டம்ளரோடு அறைக்குள் வந்த அம்மா நின்றார்.

"எவன்டா அந்த மூணாவது குழாயத் திறந்தது? போய் மூடுங்கடா மொதல்ல!"

மென்பொருள் இதை முறைகேடு என்று பதிவு செய்துகொண்டது.