மூடிய ஓட்டலும் மூப்புரிமையும்: கதீட்ரல் சாலைச் சுற்றுவட்டார நினைவுகூரல் குறித்த ஓர் ஆய்வு

சென்னையில் ஒரே தெருவில் வசிக்கும் இருவர் பத்து நிமிடத்துக்கு மேல் நின்று பேசுவார்களாயின், அப்பேச்சு தண்ணீர் லாரியில் தொடங்கினாலும் சொத்து வரியில் தொடங்கினாலும், மூடப்பட்டுவிட்ட ஏதேனும் ஓர் ஓட்டலில் வந்து சேரும் என்பது இவ்வாய்வின் கருதுகோளாகும். ‘ஓட்டல்’ என்னும் சொல் இங்குத் தங்கும் விடுதியைச் சுட்டாமல், வாசலில் கல்லாவும் உள்ளே கைகழுவும் தொட்டியும் இடையே சாம்பார் வாளியும் உடைய உணவிடத்தையே சுட்டும். படுக்கை இருந்தால் சென்னைவாசிகள் அதை ‘லாட்ஜ்’ என்றே வழங்குவர். ஆய்வுக்களமாகக் கொள்ளப்பட்ட இராயப்பேட்டை, கோபாலபுரம், மயிலாப்பூர் ஆகிய பகுதிகளை இரண்டு காப்பிகளுக்குள் நடந்து கடந்துவிடலாம் என்றாலும், அங்கு வசிப்போரின் துணையோடு நடந்தால் ஒவ்வொரு முனையிலும் ‘இங்கே முன்பு இருந்தது’ என்று நிற்க நேர்வதால், ஒரு நாள் போதாது.

இந்நினைவுகூரல் உணவைப் பற்றியது என்று கருதுவது மேலோட்டமான வாசிப்பு. பத்திரப்பதிவு அலுவலகங்களில் ‘தாய்ப்பத்திரம்’ என்றொரு சொல் புழங்குகிறது; ஒரு மனை இன்றைய உரிமையாளருக்கு எவ்வழியே வந்தது என்பதைக் காட்டும் மூல ஆவணமே அது. வாடகை வீட்டில் பிறந்து, ஒத்தி வீட்டில் வளர்ந்து, கடைசியில் வங்கிக் கடனில் அறுநூறு சதுரஅடி வாங்கியோர் நிறைந்த நகரில், தெருவின் மீது தமக்குள்ள பாத்தியதையை நிறுவ அத்தகைய ஆவணம் பலரிடம் இல்லை. அந்தக் குறையை மூடிய ஓட்டல் நிறைவு செய்கிறது. எவர் அதிகப் பழைய ஓட்டலை நினைவில் வைத்திருக்கிறாரோ அவரே தெருவுக்கு மூத்தவர். அதைக் கேள்விப்பட மட்டுமே வாய்த்தவர், எத்தனை படுக்கையறைக்குச் சொந்தக்காரர் ஆனாலும், குடிவந்தவரே.

இவ்வகை ஆவணங்களுள் வில்லங்கம் மிகுந்தது ‘உட்லண்ட்ஸ்’. உடுப்பிப் பகுதியிலிருந்து சென்னைக்கு வந்து, சமையற்கட்டின் அடிமட்டத்திலிருந்து உயர்ந்த கே. கிருஷ்ணராவ், 1938-இல் இராயப்பேட்டையில் உட்லண்ட்ஸைத் தொடங்கினார். பின்னர் அன்று எட்வர்ட் எலியட்ஸ் ரோடு என்றும் இன்று டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை என்றும் வழங்கும் தெருவில் ‘நியூ உட்லண்ட்ஸ்’ வந்தது. 1962-இல் கதீட்ரல் சாலையில், தோட்டக்கலைச் சங்கத்தின் மரங்களுக்கிடையே ‘உட்லண்ட்ஸ் டிரைவ்-இன்’ திறந்தது. எனவே ஒருவர் ‘உட்லண்ட்ஸ்ல சாப்பிட்டோம்’ என்று சொன்னவுடன், எந்த உட்லண்ட்ஸ் என்னும் குறுக்கு விசாரணை தொடங்கிவிடும். இவற்றுள் ‘நியூ’ என்னும் அடைமொழி பெற்றதே எழுபது வயதைத் தாண்டிவிட்டது என்பதும், மண்ணின் மைந்தர்கள் தத்தம் மண்ணுக்குச் சான்றாகக் காட்டும் ஓட்டலை நிறுவியவர் வெளியூர்க்காரர் என்பதும் விசாரணையில் எவராலும் எழுப்பப்படுவதில்லை.

டிரைவ்-இன் என்பது காரை உள்ளே ஓட்டிச் சென்று, மரநிழலில் நிறுத்தி, இறங்காமலே உண்ணும் ஏற்பாடு. காரின் கதவில் மாட்டிவிடும் தட்டில் சிப்பந்தி பலகாரத்தை வைத்துச் செல்வார். இடத்தின் உரிமை குறித்த நெடிய வழக்குக்குப் பின் 2008-இல் அது மூடப்பட்டு, அந்நிலத்தில் சுமார் இருபது ஏக்கரில் அமைந்த செம்மொழிப் பூங்கா 2010 நவம்பரில் திறக்கப்பட்டது. இங்கு ஆய்வாளரைத் திகைக்க வைக்கும் முரண் ஒன்று உண்டு. அக்காலத்தில் கார் வைத்திருந்தோர் சிலர். காருக்குள் அமர்ந்து அங்கு உண்டதாக இன்று நினைவு வைத்திருப்போரோ பலர். பேருந்தில் வந்திறங்கி, உள்ளே கூடத்தில் நாற்காலி தேடி, ஒரு காப்பிக்கு ஒரு மணிநேரம் அமர்ந்திருந்தோரின் நினைவிலும் காலப்போக்கில் ஓர் அம்பாசிடர் முளைத்துவிடுகிறது.

கோபாலபுரத்துக் குறுக்குத் தெரு ஒன்றில், இஸ்திரி வண்டியின் அருகே, ஞாயிறு காலைகளில் நடைபெறும் விவாதம் இதற்குத் தக்க சான்றாகும். ஓய்வுபெற்ற இருவர், தத்தம் சட்டைகளின் சூடு ஆறும்வரை, தட்டை மாட்டுவதற்குக் காரின் கண்ணாடியை எத்தனை விரற்கடை இறக்க வேண்டும் என்பதில் கருத்து வேறுபடுகின்றனர். ஒருவர் மடித்த செய்தித்தாளை வண்டியின் விளிம்பில் செருகி, ‘இவ்வளவுதான் சார், மேல கொக்கி மாட்டும்’ என்று செய்து காட்டுகிறார்; மற்றவர் அதைப் பிடுங்கி, ‘முழுக்க இறக்கணும் சார், இல்லாட்டி சாம்பார் மடியில’ என்று திருத்துகிறார்; செய்தித்தாள் சரிந்து கரிப்பெட்டியின் மேல் விழப் பார்க்க, இஸ்திரிக்காரர், முதியோர் இருவரும் தன் வாடிக்கையாளர்கள் என்பதால் எத்தரப்பையும் சாராமல், அதை மட்டும் எடுத்து ஓரமாக வைக்கிறார். ரவா தோசையின் சுவை எத்தகையது என்று இரு தரப்பினரும் ஒருமுறைகூடச் சொல்லவில்லை என்பது கவனத்துக்குரியது. எந்தச் சொத்து வழக்கிலும் நிலத்தின் வாசனை குறித்து எவரும் வாதிடுவதில்லை.

இத்துறையின் மற்றொரு கிளை ‘இலாவிடக் குறிப்பு’ எனலாம். அதாவது, இல்லாத இடத்தை அடையாளமாகக் கொண்டு இருக்கும் இடத்துக்கு வழி சொல்லுதல். 1973-இல் திறக்கப்பட்ட மேம்பாலத்துக்கு அண்ணாவின் பெயர் சூட்டப்பட்டும், ஜெமினி ஸ்டுடியோ அங்கிருந்து மறைந்து பல ஆண்டுகள் ஆகியும், நகரம் அதை ஜெமினி மேம்பாலம் என்றே அழைப்பது இக்கிளையின் தலையாய எடுத்துக்காட்டு. திரையரங்கம் இடிக்கப்பட்டும் அண்ணா சாலையில் ‘சஃபையர் கிட்ட’ இறங்குவோர் இருந்தனர். வழி கேட்பவர் தொலைந்து போவது இம்முறையின் குறையாகச் சொல்லப்படுவதுண்டு. ஆயினும் வழி சொல்பவரின் நோக்கம் கேட்பவரைக் கொண்டு சேர்ப்பதன்று, தாம் எப்போது வந்து சேர்ந்தவர் என்பதை அறிவிப்பதே என உணர்ந்தால், முறை பிழையற்றது என்பது விளங்கும்.

கால நிர்ணயத்துக்கு இவ்வட்டாரத்தார் கல்வெட்டையோ நாளிதழையோ நாடுவதில்லை, விலையையே நாடுகின்றனர். ‘காப்பி நாலணா’ என்பது ஓர் ஆண்டைச் சுட்டும் முறை. ஆனால் இம்முறையில் ஒரு பிசகு உண்டு. அணாக் கணக்கு 1957 ஏப்ரலில் பைசாக் கணக்குக்கு மாறிய பின்னும் இருபத்தைந்து காசை நாலணா என்றே மக்கள் வழங்கினர். அந்நாணயமே 2011-இல்தான் செல்லாதாயிற்று. எனவே நாலணாக் காப்பி குடித்தவர் 1957-க்கு முந்தியவரா, அதற்குப் பின் பிறந்து மூப்புரிமை கோருபவரா என்பதை நாணயத்தை மட்டும் கொண்டு துணிய இயலாது. அரைக்கால் சட்டையா, முழுக்கால் சட்டையா என்று வினவுவது ஓரளவு உதவும்.

சுவை குறித்த விதி எளியது: திறந்திருக்கும் ஓட்டலின் சாம்பார் ஆண்டுதோறும் நீர்த்துவரும், மூடிய ஓட்டலின் சாம்பார் ஆண்டுதோறும் கெட்டிப்படும். இட்லியைச் சாம்பாரில் மூழ்கடித்துத் தருவதற்கென்றே பெயர்பெற்று, 1948-இலிருந்து திருவல்லிக்கேணியில் நடந்துவரும் ரத்னா கஃபே போன்றவை இவ்விதியை எவ்வாறு சமாளிக்கின்றன என்பது தனி ஆய்வுக்குரியது. வாளியோடு வருபவர் கேட்காமலே மறுபடி ஊற்றுவது பெரிய உதவியாக இருக்கலாம்.

ஆவணம் என்று வந்துவிட்டால், அதில் விடுபட்ட பக்கங்களையும் நோக்க வேண்டும். 1957-இல் திருவல்லிக்கேணி முரளி கஃபேயின் பெயர்ப்பலகையிலிருந்த ‘பிராமணாள்’ என்னும் சொல்லை நீக்கக் கோரி பெரியாரின் திராவிடர் கழகத்தார் மாதக்கணக்கில் மறியல் செய்து, பலர் சிறை சென்றனர். அந்நாளைய காப்பி கிளப்புகளில் யார் எங்கே உட்காரலாம் என்பதற்குக் கணக்கு இருந்தது. டிகாஷனின் நிறத்தையும் தம்ளரின் விளிம்பையும் நுணுகி நினைவு வைத்திருப்போர், அதே சுவரில் கண்ணுக்கு நேரே இருந்த பலகையை மட்டும் மறந்திருப்பது மறதியின் பொது இயல்பால் விளங்கக்கூடியதன்று. இஸ்திரி வண்டி விவாதத்தில் இஸ்திரிக்காரரின் தகப்பனார் எந்த ஓட்டலில் என்ன சாப்பிட்டார் என்று இதுவரை எவரும் கேட்டதில்லை. அவ்வண்டி தெருவுக்கு வந்தது வாடிக்கையாளர் இருவருக்கும் முன்பு என்று அறியப்படுகிறது.

புதியோர் இவ்வட்டத்தில் சேர்க்கப்படும் முறையையும் பதிவு செய்வது தகும். அதே தெருவில் நான்கு ஆண்டுகளுக்கு முன் வாடகைக்கு வந்த மென்பொருள் பணியாளர் ஒருவர், இரண்டாம் கட்ட மெட்ரோ வேலைக்காகச் சாலையின் பாதி அடைக்கப்பட்டு, வியாபாரம் படுத்து, முனையிலிருந்த பிரியாணிக் கடை மூடப்பட்ட மறுவாரம், சட்டை வாங்க வந்தபோது, எவரும் கேளாமலே, ‘அந்த முனையில ஒரு பிரியாணிக் கடை இருந்துச்சே சார்’ என்று தொடங்கினார். முதியோர் இருவரும் முதன்முறையாக ஒரே தரப்பில் நின்று, எத்தனை முறை அங்கு உண்டார், கல்லா எந்தப் பக்கம் இருந்தது, தாளிச்சாவா தயிர்ப்பச்சடியா என்று விசாரித்தனர். உண்டது இருமுறை, அதுவும் பார்சல் என்பது வெளிப்பட்டது. நீண்ட யோசனைக்குப் பின், மூத்தவர் தம் காலடியிலிருந்த பிளாஸ்டிக் முக்காலியை அவர் பக்கம் தள்ளினார்.