கோலுக்கு முன்னால் நிற்பவர்

பிளஸ் டூ மாணவர், அனுப்பர்பாளையம்: எங்க கோச் என்னை டிஃபென்ஸிலேயே நிறுத்தறாருங்க. கோல் அடிக்கறவனைத்தான் தோள்ல தூக்கறாங்க. நான் எப்பங்க பேர் வாங்கறது?

தம்பி, 2019 மார்ச் 9 அன்று கோவை நேரு ஸ்டேடியத்துக்குப் போனவர் யாரையாவது பிடித்துக் கேளுங்கள். ஐ-லீக் கால்பந்தின் கடைசி நாள். சென்னை சிட்டி அணி ஜெயித்தால் கோப்பை. சறுக்கினால், ஒரே புள்ளி பின்னால் இருந்த ஈஸ்ட் பெங்கால் தட்டிக்கொண்டு போய்விடும். ஜனம் உட்கார்ந்து முடிப்பதற்குள் மினர்வா பஞ்சாப் கோல் போட்டுவிட்டது. அந்த சீசனில் 21 கோல் அடித்த பெட்ரோ மான்சி, பெனால்டியில் சமன் செய்தார். அதன் பிறகு முன்னிலை தந்த கோலையும், கடைசி நிமிடங்களில் கோப்பையை உறுதி செய்த கோலையும் அடித்தவர் கௌரவ் போரா. தற்காப்பு ஆட்டக்காரர்! 3–1. தமிழ்நாட்டு கிளப் ஒன்று ஐ-லீக்கை வென்றது அதுதான் முதல் முறை.

ஆனால் போராவை அன்று ஊரே கொண்டாடியதும் கோல் அடித்ததற்காகத்தான். உங்கள் வருத்தம் நியாயமானது. அடுத்த பதிலையும் படியுங்கள்.

செக்கிங் தொழிலாளி, பி.என். ரோடு: பீஸ்ல ஓட்டையை விட்டா திட்டு விழுது. புடிச்சா யாரும் பேசறதில்லீங்க. ஆட்டத்துலயும் அப்படித்தானுங்களா?

அப்படியேதான், அம்மணி. தடுத்த நூறு பந்து கணக்கில் வராது, விட்ட ஒன்று மறுநாள் பேப்பரில் வரும். அந்த வேலையை ஸ்லோவேனியா நாட்டுக்காக 101 ஆட்டங்களில் செய்தவர் போஷ்த்யான் செசார். அவர் ஓய்வு பெற்றபோது அந்த நாட்டில் அதைவிட அதிக ஆட்டம் ஆடியவர் யாருமில்லை.

அவர் பிறந்த ஊர் மரிபோர். யூகோஸ்லாவியாவின் மான்செஸ்டர் என்று ஒரு காலத்தில் பேர் வாங்கிய துணி நகரம். 1991-ல் நாடு உடைந்தது, சரக்கு போன சந்தை போனது, பல ஆலைகள் மூடின. செசார் அப்போது பள்ளிக்கூடப் பையன். ஆலை நின்றால் ஊர் எப்படிக் கிடக்கும் என்று நமக்கு யாரும் சொல்ல வேண்டாம். 2011-ல் கோர்ட் உத்தரவால் திருப்பூர் சாயப்பட்டறைகள் மூடியபோது பார்த்தோமே. செசார் குரோஷியா, பிரான்ஸ், இங்கிலாந்து என்று பிழைக்கப் போனார். பிறகு இத்தாலியில் வெரோனாவின் புறநகர் அணியான கியேவோவில் எட்டு வருஷம். பெரிய கோப்பை கிடைக்காத அணிதான். ஆனால் எட்டு வருஷமும் அவர்களுக்கு அவர் தேவைப்பட்டார். எனக்கு அது எந்தக் கோப்பைக்கும் குறைந்ததாகப் படவில்லை.

அதே மரிபோரில்தான் 2009 நவம்பரில் ஸ்லோவேனியா ரஷ்யாவை 1–0 என்று மடக்கி உலகக் கோப்பைக்குப் போனது. மாஸ்கோவில் 1–2 தோற்றுவிட்டு வந்திருந்தார்கள். இரண்டு ஆட்டமும் சேர்த்துச் சமமானதால், அப்போதைய விதிப்படி எதிரணி ஊரில் அடித்த அந்த ஒரு கோல்தான் கைகொடுத்தது. சொந்த ஊரில் ரஷ்யாவுக்கு ஒரே ஒரு கோல் விட்டிருந்தாலும் எல்லாம் போயிருக்கும். விடவில்லை. மறுவருஷம் தென்னாப்பிரிக்காவில் செசார் ஆடினார்.

வாசகர், பல்லடம்: ஸ்லோவேனியா அத்தனை பெரிய நாடா?

ஜனத்தொகை சுமார் 21 லட்சம். நம் திருப்பூர் மாவட்டத்தில் 2011 கணக்குப்படியே 24 லட்சத்துக்கு மேல். அவர்கள் 2002, 2010 என இரண்டு உலகக் கோப்பை ஆடிவிட்டார்கள்.

ஒன்பதாம் வகுப்பு மாணவி, வெள்ளகோவில்: பொண்ணுங்க ஆடலாமுங்களா?

கேட்கவே வேண்டாம் கண்ணு. தேசிய மகளிர் கோப்பையை வீட்டு அலமாரியிலேயே வைத்திருந்த மணிப்பூரை 2018 இறுதி ஆட்டத்தில் வீழ்த்தியது தமிழ்நாட்டுப் பெண்கள். அடுத்த வருஷம் மதுரை சேது எஃப்.சி. இந்திய மகளிர் லீக்கையே வென்றது. ஷூ வாங்கியாச்சா?

நிட்டிங் மில் சூப்பர்வைசர், அவிநாசி: கோவையில கோப்பை ஜெயிச்ச அந்த டீம் இப்ப எங்கீங்க?

2021-க்குப் பிறகு ஐ-லீக்கில் இல்லை. சாம்பியன் ஆன ஓரிரு வருஷத்தில் ஓர் அணி கரைந்துபோனது இந்த வட்டாரத்துக்கே இழப்பு. இனி ஓர் அணி எழும்ப வேண்டுமென்றால் அது பள்ளிக்கூட மைதானத்திலிருந்துதான் எழும்பும். பனியன் கம்பெனி முதலாளிகளுக்கு ஒரு வேண்டுகோள்: ஜெர்சி தைத்துக் கொடுப்பது நம் ஊருக்கு ஒரு நாள் வேலை. உங்கள் வீதியில் இருக்கும் அரசுப் பள்ளிக்கு ஒரு கோச்சை அமர்த்தி, அவருக்கு மாதாமாதம் சம்பளம் கொடுங்கள்.