ஏசி என்னும் எச்சம்: குளிர்த்திணை பற்றிய ஓர் ஆராய்ச்சி

ஏசி என்பது ஆங்கிலச் சொல்லின் சுருக்கம் என்பாரும் உளர். அது பொருந்தாது. ஏசு என்னும் பகுதியோடு இகரம் சேர ஏசி என்றாகும். திட்டிவிட்டு என்பது பொருள். திருநெல்வேலிப் பக்கத்திலும் யாழ்ப்பாணத்திலும் பிள்ளைகளை இன்றைக்கும் ஏசுகிறார்கள். சென்னையில் திட்டுவதோடு நிறுத்திக்கொள்வதால் நகரத்தாருக்கு இந்த வேர் மறந்துபோயிற்று. இலக்கணப்படி இது இறந்தகால வினையெச்சம். ஏசிப் போர்த்தினாள், ஏசி அணைத்தான், ஏசித் திரும்பிப் படுத்தார் என்று ஏதாவது ஒரு வினைமுற்று வந்து முடித்து வைக்கும்வரை தொங்கிக்கொண்டே நிற்கும். எங்கள் வீட்டில் அது சுவரில், தரையிலிருந்து ஏழரை அடி உயரத்தில் தொங்குகிறது.

ஆய்வுக்களம் சென்னை மடிப்பாக்கத்தில் இரண்டாம் மாடி வீடு ஒன்று. மாதிரி அளவு: ஏசி 1, மனிதர் 4. மாதிரி போதாது என்று முணுமுணுக்கும் புள்ளியியலார் மே மாதத்தில் ஓரிரவு எங்கள் வீட்டுக்கு வந்து படுத்துப் பார்க்கலாம். கட்டிலில் இடமில்லை, கதவோரம்தான் கிடைக்கும். அகத்திணையில் தலைமக்களின் பெயரைச் சுட்டலாகாது என்பது மரபாகையால் வீட்டார் பெயர்கள் இங்கே வரா. புறத்திணையில் பெயர் சொல்லத் தடையில்லை. ஆனால் அவுட்டோர் யூனிட்டில் ஒட்டியிருந்த கம்பெனிப் பெயர் வெயிலில் வெளுத்துப்போய்விட்டது.

இந்த அகம், புறம் என்ற பகுப்பு நான் புகுத்தியதன்று. இயந்திரமே அப்படித்தான் பிறந்திருக்கிறது. உள்ளே ஒரு பெட்டி, வெளியே ஒரு பெட்டி, இரண்டையும் பிணைக்கச் செம்புக் குழாய்கள். தொல்காப்பியர் பொருளதிகாரத்தில் அகத்திணைக்கும் புறத்திணைக்கும் தனித்தனி இயல் வைத்தவர். மெக்கானிக்குகளும் இண்டோர் சர்வீசுக்கும் அவுட்டோர் சர்வீசுக்கும் தனித்தனியே காசு வாங்குகிறார்கள்.

முதற்பொருளைப் பார்ப்போம். நிலமும் பொழுதும் முதற்பொருள். சுவருக்கு வெளியே பெரும்பொழுது முதுவேனில், சிறுபொழுது நண்பகல். ஆகவே அது பாலை. ஐயமுள்ளவர்கள் 2003 மே 31-ஐ நினைத்துக்கொள்க. அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி. சுவருக்கு உள்ளேயோ கூதிர் காலத்து யாமம். ஆகவே அது குறிஞ்சி. மலையும் சுனையும் இல்லையே எனின், அலமாரியின் மேல் கம்பளிகளை மலையாக அடுக்கியிருக்கிறோம். சுனைக்கு டிரெய்ன் பைப் இருக்கிறது. பாலையும் குறிஞ்சியும் ஒன்பது அங்குலச் செங்கல் சுவரின் இருபுறமும் முதுகோடு முதுகு சாய்ந்து நிற்கும் இந்த நிலையைத் திணைமயக்கம் என்று கொள்வதில் தவறில்லை.

கருப்பொருளும் குறைவற அமைந்துள்ளது. பறவை, புறா, அவுட்டோர் யூனிட்டுக்கும் சுவருக்கும் இடைப்பட்ட சந்தில் ஆண்டுக்கு இருமுறை முட்டையிடும். விலங்கு, பல்லி, சர்க்யூட் போர்டின் கதகதப்பை நாடி உள்ளே போய்த் தானும் கருகிப் போர்டையும் கருக்கிவிடும். பறை, ஸ்டெபிலைசர் எழுப்பும் ‘டக்’. தெய்வம், மின்வாரியம், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை படையல். தொழில், கதவை மூடுதல்.

எல்லாம் குறிஞ்சிக்கு ஒத்து வர, உரிப்பொருளில்தான் சிக்கல். குறிஞ்சிக்குப் புணர்தல் உரியது. எங்கள் குறிஞ்சியில் அம்மா, மனைவி, மகன், நான் என நான்கு பேர் படுப்பதால் அதற்கு வழியில்லை. ஏப்ரல் முதல் ஜூன் வரை இங்கே நிகழ்வதெல்லாம் மருதத்துக்குரிய ஊடல். கூட்டுக்குடும்பம் அழிந்துவிட்டது என்று வருந்தும் சமூகவியலார் ஒரே ஒரு அறையில் மட்டும் ஏசி உள்ள வீட்டை ஒரு கோடையில் எட்டிப் பார்க்க வேண்டும். அழிந்ததாகச் சொல்லப்படும் கூட்டுக்குடும்பம் பாயும் தலையணையுமாக அங்கே வரிசையில் படுத்திருக்கும்.

ஊடல் தொடங்கியது ஏசி வாங்கிய அன்றே. “ஒண்ணரை டன்னா? அதை எப்படில செவுத்துல மாட்டுவான்? செவரு தாங்குமா?” என்றாள் அம்மா. சிரித்தோம். சிரித்திருக்கக் கூடாது. ஏனெனில் அந்த டன் உண்மையாகவே எடைக் கணக்கில் பிறந்ததுதான். ஒரு டன், அதாவது 907 கிலோ பனிக்கட்டி ஒரு நாள் முழுதும் உருகுகையில் எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ, அந்த வேகத்தில் அறையின் வெப்பத்தை வெளியேற்றுவது ஒரு டன் ஏசி. எங்கள் சுவரில் மாட்டியது நாளொன்றுக்கு 1,360 கிலோ பனிக்கட்டிக்குச் சமம். அம்மா சுவரைப் பற்றிக் கவலைப்பட்டது நியாயமே.

பனிக்கட்டியை எடை போட்டுக் குளிர் வாங்கிய ஊர்தான் இது. திருவல்லிக்கேணிக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் கட்டடம் 1842-இல் ஐஸ் ஹவுஸ் என்றே எழுந்தது. பாஸ்டனைச் சேர்ந்த ஃபிரடெரிக் டியூடர் என்ற வணிகர் அந்தப் பக்கத்து ஏரிகள் குளிர்காலத்தில் உறைந்ததும் அறுத்தெடுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலேற்றி அனுப்பிய பனிக்கட்டி இங்கேதான் இறங்கியது. அந்தக் காலத்தில் ரிமோட் கிடையாது; வழக்கும் கிடையாது. உருகியதும் தீர்ந்தது.

வழக்குக்கு வித்திட்டவர் வில்லிஸ் கேரியர். 1902-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகம். காற்றின் ஈரத்தில் தாள் விரிவதும் சுருங்குவதுமாக இருக்க, ஒரு வண்ணத்தின் மேல் மறுவண்ணம் இடம் தப்பி விழுந்தது. ஈரத்தை அடக்க அந்த 25 வயதுப் பொறியாளர் வரைந்து கொடுத்ததே இன்றைய ஏசியின் மூதாதை. அதாவது ஏசி மனிதருக்காகப் பிறந்ததன்று, தாளுக்காகப் பிறந்தது. நாங்கள் நால்வரும் இடையில் புகுந்தவர்கள். இதைச் சொன்னபோது மகன், “அப்போ உங்க புஸ்தக அலமாரிக்குத்தான்ப்பா ஏசி போடணும்” என்றான். அலமாரி இருக்கும் அறையின் மேல் அவன் கண் வைத்திருக்கிறான்.

ஈரத்தை உறிஞ்சுவது ஏசியின் பிறவிக்குணம் என்பதற்கு டிரெய்ன் பைப்பின் கீழ் வைத்த வாளியே சான்று. கடலோரக் காற்றாதலால் ஓரிரவில் பாதி வாளிக்கு மேல் நிறைகிறது. அந்தத் தண்ணீரைத் துளசிக்கு ஊற்றலாமா கூடாதா என்று ஒரு வாரம் விவாதம் நடந்தது. “மெசின் பெஞ்ச தண்ணியத் துளசிக்கு ஊத்தாத” என்று அம்மா தீர்ப்பளித்தாள். கறிவேப்பிலைக்கு ஊற்றலாமாம். கறிவேப்பிலை எந்தத் தெய்வத்துக்கும் உரியதன்று என்பது காரணமாகலாம்.

இனி வேலை செய்யும் விதம். ஏசி குளிரை உண்டாக்குகிறது என்பது உலக வழக்கு. நூல் வழக்கு அன்று. குளிர் என்று ஒரு பொருளே இல்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தை வாரி வெளியே கொட்டுகிறது, அவ்வளவே. உள்பெட்டியின் சுருளில் கேஸ் திரவ நிலையிலிருந்து ஆவியாகிறது, ஆவியாக வேண்டிய வெப்பத்தை அறைக் காற்றிடமிருந்து பறித்துக்கொள்கிறது. வெளிப்பெட்டியில் கம்ப்ரஸர் அதை அழுத்திச் சூடேற்ற, மின்விசிறி ஊத, பறித்த வெப்பத்தை அங்கே கக்கிவிட்டுத் திரவமாகித் திரும்புகிறது. எங்கே கக்குகிறது? எங்கள் வீட்டில், பக்கத்துக் குடியிருப்பாரின் படுக்கையறை ஜன்னலுக்கு நேரே. நம்முடைய புறம் இன்னொருவருடைய அகம் என்னும் உண்மை இதனால் பெறப்படும். அவரும் சென்ற ஆண்டு ஏசி வாங்கி, அதன் வெளிப்பெட்டியை எங்கள் சமையலறை ஜன்னலைப் பார்க்க மாட்டியிருக்கிறார். புறத்திணையில் இதனை எதிரூன்றல் என்க.

எண்ணியல் என்று ஒரு தனி இயலே எழுதத் தகும். மகன் 16 என்பான். மனைவி 24. அம்மா 28 போட்டு, மங்கி கேப்பும் போட்டு, காதில் பஞ்சும் வைப்பாள். நான் 26, அதற்குக் காரணம் பின்னால் வரும். 24 என்பதற்கு அரசு ஆதரவு உண்டு. நட்சத்திரக் குறி பெற்ற வீட்டு ஏசிகள் போட்டவுடன் 24-இல் தொடங்க வேண்டும் என்பது 2020 ஜனவரி 1 முதல் விதி. ஒரு டிகிரி ஏற்றினால் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்பது அரசின் கணக்கு. மனைவி இந்தச் செய்தியைக் கத்தரித்து வைத்திருக்கிறாள்.

16 போட்டால் சீக்கிரம் குளிரும் என்பது மகன் தரப்பு. அது பொருந்தாது, என்னையெனின், அந்த எண் வேகத்தைக் குறிப்பதன்று. எங்கே நிற்க வேண்டும் என்பதைக் குறிப்பது. எங்கள் பழைய ஏசியின் கம்ப்ரஸருக்கு ஒரே வேகம். திருச்சி வழியாகப் போகும் பஸ்ஸில் மதுரைக்கு டிக்கெட் எடுத்தால் திருச்சி முன்கூட்டி வந்துவிடாது. இன்வெர்ட்டர் ஏசியில் வேகம் கூடிக் குறையுமே எனின், அதற்கும் ஓர் உச்சம் உண்டு, அதைத் தொட 16 வரை இறங்கத் தேவையில்லை. இத்தனையும் விளக்கியபின் மகன் 16-இல் போட்டான். ஆராய்ச்சிக்கும் பதினெட்டு வயதுக்கும் தொடர்பில்லை.

ஒப்பியல் நோக்கிலும் சிறிது. தங்கை டெக்சாஸில் டாலஸ் நகரத்தில் இருக்கிறாள். அங்கே வீடு முழுவதற்கும் ஒரே ஏசி. பரணில் குழாய்கள் ஓடி எல்லா அறையிலும் காற்றை ஊதுகின்றன. கூடத்துச் சுவரில் ஒரேயொரு தெர்மோஸ்டாட். ரிமோட்டைத் தலையணைக்கு அடியில் ஒளிக்கும் உரிமை அங்கே ஒருவருக்கும் இல்லை. ஊடுவதானால் எழுந்து கூடத்துக்கு நடந்துபோய் ஊட வேண்டும். அங்கே போயிருந்த அம்மா தெர்மோஸ்டாட்டில் 72 என்று கண்டு அலறிவிட்டாள். ஃபாரன்ஹீட் கணக்கில் அது நம்முடைய 22 என்று மாப்பிள்ளை விளக்கிய பிறகு, “22-ஆ? அதான் குளிருது” என்று சால்வையை இழுத்துக்கொண்டாளாம். அந்த வீட்டிலும் ஃபில்டர் உண்டு. சுவர்ச் சல்லடைக்குப் பின்னால் அட்டைச் சட்டத்தில் இருக்கும் அதை மூன்று மாதத்துக்குள் தூக்கிப் போட்டுப் புதிது மாட்டுகிறார்கள். டிரெய்ன் பைப்பில் பாசி அடைக்காமல் இருக்க வினிகர் ஊற்றுகிறார்கள். அம்மா ஊறுகாய்க்காக வாங்கிய வினிகர் இப்படிப் போனதில் அவளுக்கு இன்னும் மனத்தாங்கல்.

பராமரிப்பு இயலில் தலையாயது ஃபில்டர். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை முன்மூடியைத் தூக்கி, வலையை உருவி, குழாயடியில் காட்டி, நிழலில் உலர்த்தி மாட்ட வேண்டும். பத்து நிமிட வேலை. இந்தப் பத்து நிமிடம் யாருடையது என்பதில் முடிவு எட்டப்படாமல் போன ஒரு மார்ச் முழுவதும் வலையில் தூசி போர்வை போலப் படிந்தது. காற்றோட்டம் குறைந்தது, சுருளுக்கு வெப்பம் வந்து சேரவில்லை, சுருளின் வெப்பநிலை பூஜ்யத்துக்கும் கீழே இறங்கி அதன்மேல் ஐஸ் கட்டியது. ஐஸ் கட்டிய ஏசி குளிராது! இது முரண்போலத் தோன்றினும் முரணன்று, ஐஸ் காற்றின் வழியை இன்னும் அடைத்துவிடுமாகையால். 180 ஆண்டுகளுக்கு முன் கப்பலில் வந்ததை நாங்கள் வீட்டிலேயே விளைவித்தோம் என்று மட்டும் பெருமைப்படலாம்.

மெக்கானிக் தம்பி வந்தான். பெட்டியைத் திறக்குமுன்பே, “கேஸ் கம்மியா இருக்கு சார்” என்றான். நூல் தொடங்குமுன் காப்புச் செய்யுள் பாடுவதுபோல இது அத்தொழிலின் மரபு. கேஸ் பெட்ரோலைப் போல எரிந்து தீருவதன்று; மூடிய குழாயில் சுற்றிச் சுற்றி வருவது. குறைந்தால் ஒழுகியிருக்க வேண்டும். ஒழுகினால் ஓட்டை இருக்க வேண்டும். ஓட்டையை அடைக்காமல் கேஸ் ஏற்றுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது. இவற்றை நான் எடுத்துரைக்க, அவன் பொறுமையாகக் கேட்டு, குழாய் மூட்டுகளில் சோப்பு நுரை தடவிப் பார்த்தான். குமிழ் வரவில்லை. “நீங்க வாத்தியாரா சார்?” என்று மட்டும் கேட்டான். பிறகு உள்பெட்டிக்குப் பாலித்தீன் பை கட்டி ஜெட் பம்ப் போட்டான். இறங்கிய தண்ணீரின் நிறத்தைப் பற்றி எழுதுவது அகப்பொருள் மரபுக்கு ஒவ்வாது.

எஞ்சியிருப்பது வைகறைச் சிக்கல். இந்த ஆய்வுக்கே அதுதான் காரணம். ஏப்ரல் முதல் நாள்தோறும் விடியற்காலை நான்கு மணிக்கு ஏசி நின்றுபோயிற்று. நாலரைக்கு மகன் வேர்த்து எழுந்து, “பாட்டிதான் ஆஃப் பண்றாங்க” என்பான். “நான் ஏன்ல தொடப்போறேன், அந்தக் குச்சில எந்தப் பொத்தான்னே எனக்குத் தெரியாது” என்பாள் அம்மா. மனைவிக்கு என் மேல் சந்தேகம். “ஏங்க, கரண்ட் பில்லுக்காக நீங்கதானே எழுந்து அணைக்கிறீங்க?” “நான் நாலு மணிக்கு எழுந்து என்றைக்குப் பார்த்தாய்?” என்றேன். அதற்கு அவளிடம் பதில் இல்லை. இப்படி ஐந்து வாரம் சென்றது. ஏசி என்னும் எச்சத்துக்கு இத்தனை வினைமுற்றுகள் அமையும் என்று அதற்கு முன் நான் அறியேன்.

மெக்கானிக் போகும்போது, எதற்கும் இருக்கட்டும் என்று அவனைக் கூடத்துக்கு அழைத்துவந்து இதைக் கேட்டேன். ரிமோட்டை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான். “மூலைல சின்னதா கடிகாரம் மாதிரி இருக்கு பாருங்க சார். டைமர் போட்டிருக்கு. டெய்லி நாலு மணிக்கு ஆஃப்.”

மார்ச் மாத மின் கணக்கு என் நினைவுக்கு வந்தது. இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம், 500-ஐத் தாண்டினால் பழைய யூனிட்டுகளில் சிலவற்றுக்கும் விலை ஏறும். எங்களுடையது 500-ஐத் தாண்டியிருந்தது. அன்றிரவு எல்லாரும் தூங்கிய பிறகு, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரிமோட்டோடு நெடுநேரம் போராடியது யார் என்பதும் நினைவுக்கு வந்தது.

“யாரு சார் போட்டது?” என்றான்.

நான் சமையலறைப் பக்கம் பார்த்தேன். அவன் புரிந்துகொண்டு டைமரை எடுத்துவிட்டான். கெப்பாசிட்டர் வீக்காக இருந்தது, மாற்றியாயிற்று என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். மனைவி பில் கேட்பாள் என்று தெரியும். ஆகவே கெப்பாசிட்டருக்கும் சேர்த்தே பில் எழுதித் தரச் சொன்னேன். எழுதித் தந்தான். அந்தப் பணத்தையும் வாங்கிக்கொண்டுதான் போனான்.