மானிட்டர் ஜாதகம்: கும்பகோணத்து மேசைக் கணினி ஒன்றை முன்வைத்து ஓர் ஆய்வு

1. தோற்றுவாய்

கணினித் திரையில் எழுத்துகள் திடீரெனப் பருத்து, ஐகான்கள் இட்லி அளவுக்கு உப்பி, வட்டமெல்லாம் முட்டையாகும் நிலைக்குத் தமிழில் இன்னும் யாரும் பெயரிடவில்லை. இக்கட்டுரை அதைத் ‘திரைவீக்கம்’ என வழங்கும். நாட்டில் வீட்டுக்கு வீடு காணப்படும் இந்நிலை ஆய்வுலகின் கண்ணில் இதுகாறும் படாதது வியப்பே. அதன் எழுத்துகளோ அத்தனை பெரியவை.

ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது கும்பகோணத்தில் பெரியப்பா வீட்டுக் கூடத்தில், ஊஞ்சலுக்கும் தையல் மெஷினுக்கும் நடுவே குடியிருக்கும் ஒரு மேசைக் கணினி. அது இரண்டே காரியங்களுக்குப் பயன்படும்: காலையில் பேப்பர் படிக்க, மாலையில் ஜாதகம் கணிக்க. கணினி மெதுவாகிவிட்டதென்று சர்வீஸ் பையன் ஒருவர் வந்து ஃபார்மட் அடித்துக் கொடுத்தார். மறுநாள் காலை ஆய்வாளருக்குப் போன் வந்தது.

“டேய், ராசிக் கட்டம் செவ்வகமாயிடுச்சுடா. சனி காலை நீட்டிப் படுத்திருக்கார்.”

2. பிறர் கோட்பாடுகளும் மறுப்பும்

ஆய்வாளர் போய்ச் சேருமுன்பே வீட்டில் நான்கு சிந்தனைப் பள்ளிகள் தோன்றியிருந்தன.

வைரஸ்வாதிகள்: கணினிக்கு வரும் எந்தக் கேடும் வைரஸே என்பார். இது மறுக்க முடியாத கொள்கை. ஆதலால் பயனற்றது என்க.

தூசுவாதிகள்: சிபியு பெட்டியைத் திறந்து வாயால் ஊதினால் சரியாகும் என்பார். ஊதப்பட்டது. பெட்டிக்குள் இருந்த தூசு பெரியம்மாவின் மூக்குக்கு இடம்பெயர்ந்தது. வேறு விளைவு இல்லை.

ரீஸ்டார்ட்வாதிகள்: இவர்களை முற்றிலும் தள்ளிவிட இயலாது. விஸ்டா காலம் முதல், கிராபிக்ஸ் சிப் இரண்டு விநாடி மூச்சுப் பேச்சின்றிக் கிடந்தால் விண்டோஸ் தானே அதைத் தட்டியெழுப்பிவிடும். நாமே எழுப்ப வேண்டுமென்றால் இப்போதைய விண்டோஸில் விண்டோஸ் கீ, கன்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் சேர்த்து அழுத்தலாம். திரை ஒரு நொடி இருண்டு மீளும். ஆனால் இது உறங்கும் டிரைவருக்கே ஆகும். இல்லாத டிரைவரை எழுப்ப முடியாது.

பேரன்வாதிகள்: “சின்னவன் எதையோ அமுக்கிட்டான்” என்பார். பழைய இன்டெல் டிரைவர்கள் பலவற்றில் கன்ட்ரோல், ஆல்ட்டுடன் அம்புக்குறியை அழுத்தினால் திரையே தலைகீழாகும் என்பதால் இக்கோட்பாட்டுக்கு வரலாற்றுச் சான்று உண்டு. ஆயினும் சம்பவ தினத்தில் பேரன் திருச்சியில் இருந்தான்.

3. டிரைவர் என்னும் சொல்

“டிரைவர் போயிடுச்சு பெரியப்பா” என்று ஆய்வாளர் முதற்கட்ட முடிவை அறிவித்தபோது, “வண்டி கூடத்தை விட்டு நகரவே இல்லையே, அதுக்கு எதுக்குடா டிரைவர்?” என்று கேட்கப்பட்டது. நியாயமான கேள்வி.

கணினியில் டிரைவர் என்பது, விண்டோஸ் சொல்வதைக் கிராபிக்ஸ் சிப்புக்குப் புரியும்படி எடுத்துச் சொல்லும் மென்பொருள். ஒவ்வொரு சிப்புக்கும் தனிப்பேச்சு உண்டு. அதை அறிந்த சொந்த டிரைவரும் உண்டு. ஃபார்மட் அடிக்கும்போது சொந்த டிரைவரும் சேர்ந்து போய்விடுவார். அந்நேரம் விண்டோஸ் ‘மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்பிளே அடாப்டர்’ என்ற ஒருவரை அமர்த்திக்கொள்ளும். இவரை ‘ஆக்டிங் டிரைவர்’ என்றால் தமிழர்க்கு உடனே விளங்கும். எந்த வண்டியைக் கொடுத்தாலும் ஓட்டுவார். எதையும் முழு வேகத்தில் ஓட்டமாட்டார். ஏசி ஸ்விட்ச் எங்கிருக்கிறதென்று அறியமாட்டார்.

இந்தத் தற்காப்பு மனப்பான்மைக்கு மூலம் 1987. அவ்வாண்டில்தான் ஐபிஎம் தன் பிஎஸ்/2 கணினிகளுடன் விஜிஏ முறையைக் கொண்டுவந்தது: அகலத்தில் 640 புள்ளி, உயரத்தில் 480, நிறம் 16. எந்த மானிட்டரும் இதையாவது காட்டிவிடும் என்பதால், வெகுகாலம் விண்டோஸுக்கு வேறெதுவும் தெரியாத வேளையில் இதுவே புகலிடமாக இருந்தது. முன்பின் அறியாதவரிடம் “சாப்பிட்டாச்சா?” என்று தொடங்குவது போன்ற பாதுகாப்பான பேச்சு அது.

டிவைஸ் மேனேஜரைத் திறந்து பார்த்தபோது ஆக்டிங் டிரைவர் பெயர் அங்கிருந்தது. மதர்போர்டின் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதைத் தயாரித்தவரின் தளத்திலிருந்தே சொந்த டிரைவர் இறக்கப்பட்டார். ‘உங்கள் டிரைவர்கள் அனைத்தும் காலாவதி’ என்று மிரட்டும் இலவச மென்பொருள்களை அணுகுவது, கல்யாணத் தரகரிடம் போய் “நான் கல்யாணம் பண்ணிக்கலாமா?” என்று கேட்பதற்கு ஒப்பாகும்.

டிரைவர் வந்தார். சனி எழவில்லை.

4. ஜாதகப் பரிவர்த்தனை

இனி ஆய்வின் மையம். சொந்த டிரைவர் வந்த பின்னும் திரை 1024×768 என்றே நின்றது. மானிட்டரின் இயல்போ 1920×1080. ரெசல்யூஷன் பட்டியலில் அந்த எண்ணே காணப்படவில்லை.

இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தூரம் சிறிதன்று. முன்னதில் 7,86,432 புள்ளிகள், பின்னதில் 20,73,600. முன்னது நாலுக்கு மூன்று என்ற வடிவம், பின்னது பதினாறுக்கு ஒன்பது. நாலுக்கு மூன்றைப் பிடித்து அகலத்திரை முழுக்க இழுத்தால் எப்பொருளும் அகலவாக்கில் மூன்றில் ஒரு பங்கு கூடும். சனி கால்நீட்டியது இந்தக் கணக்கின்படியே, கோசாரப்படி அன்று. மேலும் எல்சிடி திரையில் புள்ளிகள் அச்சடித்தாற்போல் நிலையானவை. ஒரு புள்ளியை அகலவாக்கில் ஒன்றேமுக்கால் புள்ளிக்கும் சற்று மேலாகப் பரப்பச் சொன்னால் எழுத்தின் ஓரம் ஈரத்தாளில் மை போலக் கசியும்.

மானிட்டரின் இயல்பு கணினிக்கு எப்படித் தெரியும்? ஜாதகத்தால். இது உவமை மட்டுமன்று. ஒவ்வொரு மானிட்டரும் தன்னுள்ளே 128 பைட் கொண்ட ஒரு குறிப்பை வைத்திருக்கிறது. பெயர் ஈடிஐடி, வெசா என்னும் அமைப்பு 1994-இல் வகுத்தது. அதில் தயாரித்தவரின் மூன்றெழுத்துக் குலப்பெயர், பிறந்த ஆண்டு, வாரம், சென்டிமீட்டரில் உடலளவு, விரும்பும் ரெசல்யூஷன் எல்லாம் உண்டு. கடைசி பைட் பொருத்தம் சரிபார்க்க: 128-ஐயும் கூட்டினால் 256-ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். வகுபடாவிட்டால் அந்த ஜாதகம் செல்லாது.

புறனடை: ஜாதகத்தில் சில இடங்களில் அகலத்தை எட்டால் வகுத்தே எழுத முடியும். 1366 எட்டால் வகுபடாது. அதனால்தான் 1366×768 திரைகள் சில நேரம் 1360 என்றோ 1368 என்றோ பெயர்மாறித் தோன்றுகின்றன. பள்ளியில் சேர்க்கும்போது பிறந்த தேதி மாறியவர்கள் நம்மிலும் உளர்.

இங்கே மானிட்டரைக் கணினியோடு இணைத்திருந்தது விஜிஏ கேபிள். அதில் 15 ஊசிகளுக்கு இடம். முதல் மூன்றும் சிவப்பு, பச்சை, நீலம். 13, 14 இரண்டும் படம் எப்போது தொடங்க வேண்டுமெனத் தாளம் போடுபவை. ஜாதகம் வந்துபோகும் வழி 12-உம் 15-உம். ஆகவே ஜாதக ஊசி பழுதானாலும் படம் வரும், நிறம் குறையாது. மாப்பிள்ளையின் முகம் தெரியும், ஊர் பேர் தெரியாது. இந்நிலையில் விண்டோஸ் அவரை ‘ஜெனரிக் நான்-பிஎன்பி மானிட்டர்’ என்று பதிவு செய்துகொள்ளும். யாரோ ஒருவர் என்பது பொருள்.

5. களப்பணி

கணினியையும் மானிட்டரையும் அணைத்துவிட்டு, கேபிள் கழற்றப்பட்டது. 9-ஆம் ஊசி இல்லவே இல்லை. ஆய்வாளர் வெற்றிக் களிப்பில் வீட்டாரை அழைத்துக் காட்டினார். பின்னர்தான், பல விஜிஏ கேபிள்களுக்கு 9-ஆம் ஊசி பிறவியிலேயே கிடையாதென்றும் அது ஊனமன்று என்றும் நினைவுக்கு வந்தது. அறிவிப்பு வாபஸ் பெறப்பட்டது.

இரண்டாம் பார்வையில் 12-ஆம் ஊசி மடங்கிப் படுத்திருந்தது. ஃபார்மட்டுக்குப் பின் அவசரத்தில் கோணலாகச் செருகியதன் விளைவாகலாம். தையல் மெஷின் இழுப்பறையிலிருந்து பெற்ற சிறு இடுக்கியால் அது நிமிர்த்தப்பட்டது. கேபிள் மாட்டி, கணினி எழுப்பப்பட்டது. பட்டியலில் 1920×1080 தோன்றியது. பக்கத்தில் ‘பரிந்துரைக்கப்பட்டது’ என்ற சிபாரிசும் இருந்தது.

ஆய்வாளர் அதைத் தேர்ந்து, மௌஸை உரிமையாளரிடம் மரியாதையாக ஒப்படைத்தார்.

6. பதினைந்து விநாடிச் சிக்கல்

ரெசல்யூஷனை மாற்றியதும் விண்டோஸ் ஒரு கேள்வி கேட்கும்: இப்படியே வைத்துக்கொள்ளலாமா? பதில் சொல்ல 15 விநாடி. சொல்லாவிட்டால் பழைய நிலைக்கே திரும்பிவிடும்.

“என்னமோ கேக்குறான்டா. எறும்பு மாதிரி எழுதியிருக்கான். என் கண்ணாடி எங்க?” என்றார் பெரியப்பா. கண்ணாடி பஞ்சாங்கத்துக்குள் அடையாளமாக வைக்கப்பட்டிருந்தது. எடுத்துவருவதற்குள் எழுத்துகள் மீண்டும் பருத்தன.

“பாத்தியா, தானே சரியாயிடுச்சு.”

இரண்டாம் முறையும் இவ்வாறே நிகழ்ந்தது. மூன்றாம் முறை, கரண்டியோடு எட்டிப்பார்த்த பெரியம்மா மௌஸை வாங்கி, படித்து, ஒரே தட்டில் சம்மதம் கொடுத்தார். பிறகு ஆய்வாளர் ஸ்கேலிங்கை 150 சதவீதம் ஆக்கினார். புள்ளிகள் குறையாமல் எழுத்து மட்டும் வளர்ந்தது. ராசிக் கட்டம் சதுரமாயிற்று. சனி காலை மடக்கிக்கொண்டார்.

இங்கே ஒரு தத்துவச் சிக்கல் எழுகிறது. தவறான ரெசல்யூஷன் போட்டால் சில மானிட்டர்களில் படமே வராது. படம் தெரியாதவரால் ‘வேண்டாம்’ என்று அழுத்தவும் இயலாது. ஆகவே பதில் இல்லையென்றால் சம்மதமில்லை என்று கொள்வதே அங்கு விதி. கண்ணாடி தேடிய பெரியப்பாவுக்கும் அந்த விதி பொருந்தியது. அவருக்கும் உண்மையில் தெரியவில்லை அல்லவா? மௌனம் சம்மதம் என்பது நம் வழக்கு. மௌனம் மறுப்பு என்பது கணினி வழக்கு. இரண்டில் எது சரி என்பது மேலும் ஆராயத்தக்கது.

ஆய்வாளர் இக்கருத்தை விளக்கிக்கொண்டிருந்தபோது பெரியம்மா கரண்டியைக் கீழே வைத்தார்.

“என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப நானும் பேசாமத்தான் நின்னேன்.”

பெரியப்பா பஞ்சாங்கத்தைப் புரட்டத் தொடங்கினார். ஆய்வாளர் மனத்துக்குள் பதினைந்து வரை எண்ணிப் பார்த்தார். எதுவும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை.